ரிவோல்வர் வெடிக்க மறுக்கும் கணத்தில்: கோளாறைக் காதாலும் விரலாலும் அறிந்து கையாளும் முறை

கொழும்பில் தனியார் பாதுகாப்பு ஊழியர்களுக்குச் சுடுபயிற்சி அளித்துவந்த ஆண்டுகளில் ஒரே காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். குறிப்பலகைக்கு முன் நிற்பவர் விசையை இழுப்பார். வெடிச்சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் ‘டிக்’ என்ற உலோக ஓசை மட்டும் கேட்கும். அவர் உடனே ஆயுதத்தைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திருப்பி, என்ன நடந்தது என்று உற்றுப் பார்ப்பார். அவர் கையிலிருந்த உருளையில் இன்னும் நான்கைந்து நல்ல தோட்டாக்கள் இருந்திருக்கும். நகைக்கடை வாசலில் கத்தியோடு ஒருவன் ஐந்து அடி தூரத்தில் நிற்கும்போது அவர் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்காமல் நான் ஒரு பயிற்சி நாளையும் முடித்ததில்லை.

ரிவோல்வர் எளிமையான கருவி, ஆகவே அது பழுதுபடாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. அது பாதி உண்மைதான். சிறு கோளாறுகளில் பெரும்பாலானவை விசையை இன்னொரு முறை இழுத்தாலே தீர்ந்துவிடும். ஆனால் அப்படித் தீராத கோளாறு ஒன்று வந்துவிட்டால், அது பிஸ்டலில் (உருளை இல்லாத அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில்) வருவதைவிடப் பிடிவாதமானது, பல வேளைகளில் கருவிகளும் மேசையும் இல்லாமல் நீக்க முடியாதது. எந்தக் கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரு விநாடிக்குள், கண்ணை எதிராளியிடமிருந்து எடுக்காமல் அறிந்துகொள்வதே இதில் உள்ள திறமை முழுவதும். அதற்குக் காதும் விரலும் போதும். கண் கடைசியில்தான் வரவேண்டும்.

இங்கே எழுதப்படுவது சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கும், கடமை நிமித்தம் ரிவோல்வர் ஏந்துபவர்களுக்கும் மட்டுமே உரியது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். தனிப்பட்ட பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட சுடுகலன்களை மீளாய்வுக்காகக் கையளிக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதையும் பலர் அறிவர். தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. அவ்வுரிமை தேவைக்கு மேற்பட்ட தீங்கை ஒருபோதும் அனுமதிப்பதில்லை, ஆபத்து குறித்த நியாயமான அச்சம் நீங்கியதும் அதுவும் நீங்கிவிடும். ஆகவே ஆயுதம் வெடிக்க மறுத்த கணத்தில் எதிராளி திரும்பி ஓடத் தொடங்கினால், கோளாறை நீக்கிச் சுடும் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

சொற்கள் சில

பேச்சில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்வதால், இங்கு நான் பயன்படுத்தும் சொற்களை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தோட்டாக்கள் இருக்கும் சுழலும் பகுதி உருளை. அதிலுள்ள ஐந்து அல்லது ஆறு துளைகள் அறைகள். விரலால் இழுப்பது விசை. பின்புறம் எழுந்து விழுவது குதிரை. குதிரை விழும்போது ஊசி தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைக் குத்துகிறது. பிரைமர் என்பது குத்துப்பட்டதும் தீப்பற்றி, உள்ளேயுள்ள மருந்தை எரியவைக்கும் சிறு மூடி. மருந்து எரிந்து குழல் வழியே வெளியே தள்ளும் முனைத்துண்டு சன்னம். உருளையும் குழலும் பொருந்தியிருக்கும் ஆயுதத்தின் உடல் சட்டகம். உருளையைப் பக்கவாட்டில் திறந்து, முன்னால் நீட்டியிருக்கும் தண்டை அழுத்தினால், பின்புறமுள்ள நட்சத்திர வடிவத் தகடு எழுந்து, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை விளிம்பில் பிடித்து வெளியே தள்ளும். விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உருளை ஓர் அறை சுழல்கிறது என்பதை மட்டும் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் பாதி விடயங்கள் அந்த ஒரு உண்மையிலிருந்து பிறப்பவை.

‘டிக்’ என்று கேட்டால்

குதிரை விழுந்து, ஓசை மட்டும் கேட்டு, ஆயுதம் உதையாவிட்டால், தற்காப்பு வேளையில் செய்ய வேண்டியது ஒன்றே: விசையை முழுமையாக முன்னே விட்டு, மீண்டும் முழுமையாக இழுங்கள். உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வந்துவிடும். ஆயுதத்தைத் தாழ்த்த வேண்டாம், குலுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். பிஸ்டலில் பயிற்சி பெற்றவர்கள் பழக்கத்தால் அடிப்பகுதியைத் தட்டி, பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் சறுக்கியை இழுப்பதுபோல் இழுக்கப் போவார்கள். ரிவோல்வரில் அந்த அசைவுக்குப் பொருளே இல்லை. மீண்டும் ‘டிக்’ என்றால் மீண்டும் இழுங்கள். தொடர்ந்து மூன்று முறை ‘டிக்’ மட்டுமே வந்தால், தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன அல்லது ஊசியோ, குதிரையை விசையோடு விழவைக்கும் விற்சுருளோ பழுதாகிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது சுவருக்கோ தூணுக்கோ பின்னால் நகர்ந்து, முடிந்தால் அவ்விடத்தை விட்டே அகன்று, பிறகுதான் உருளையைத் திறக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒழுங்கு பயிற்சித் திடலுக்கு உரியது; இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது. சில தோட்டாக்களில், குறிப்பாக ஈரம் ஏறிய பழைய தோட்டாக்களில், பிரைமர் குத்தப்பட்டுச் சற்றுத் தாமதமாக மருந்து பற்றிக்கொள்வதுண்டு. திடலில் ‘டிக்’ என்று கேட்டவுடன் மறுமுறை இழுத்தால், புகைந்துகொண்டிருக்கும் அந்தத் தோட்டா குழலுக்கு நேரே இல்லாமல் பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே அது வெடித்தால் சன்னம் வெளியேற வழியின்றிச் சட்டகத்தில் மோதி, ஆயுதத்தையும் கையையும் சிதைக்கக்கூடும். ஆகவே உயிருக்கு ஆபத்தில்லாத பயிற்சி வேளையில், குழலைக் குறிப்பலகைத் திசையிலேயே நிலையாக வைத்து, குறைந்தது 30 விநாடிகள் காத்திருந்து, அதன் பின்னரே உருளையைத் திறந்து அத்தோட்டாவை வேறாக எடுத்துவைக்க வேண்டும். தாமத வெடிப்பு அரிது, எதிரே நிற்கும் கத்தி உறுதி என்பதால்தான் தற்காப்பில் உடனே இழுக்கச் சொல்கிறோம். அந்தக் கணக்கு திடலில் பொருந்தாது.

‘பொப்’ என்று மெலிதாகக் கேட்டால்

‘டிக்’கும் இல்லாமல் வெடியும் இல்லாமல், பட்டாசு நனைந்ததுபோல ஒரு மங்கிய சத்தம் கேட்டு, கையில் உதைப்பும் குறைவாக இருந்தால், அங்கே நிறுத்துங்கள். தற்காப்பானாலும் பயிற்சியானாலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. தோட்டாவில் மருந்து இல்லாமலோ, எரியாமலோ போய், பிரைமரின் வேகம் மட்டும் சன்னத்தைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளி, அங்கே சிக்கவைத்துவிட்டது என்பதன் அடையாளம் அது. அதன் பின்னால் இன்னொரு சன்னத்தை முழு வேகத்தோடு அனுப்பினால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். சில வேளைகளில் சன்னம் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பாதி அங்கும் பாதி இங்குமாக நின்று, உருளையே சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஒரு வகையில் அது நம்மைக் காப்பாற்றுகிறது.

ஆபத்து வேளையில் இந்தச் சத்தத்தைப் பிரித்தறிவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனம் பதறும்போது காது அடைத்துப்போகும், பெரிய சத்தமும் சிறிதாகத் தோன்றும். அதனால் கையின் சாட்சியையும் சேர்த்துக் கேளுங்கள்: உதைப்பு வந்ததா, இல்லையா? வெறும் ‘டிக்’ அல்லாத, உதைப்பு இல்லாத அல்லது குறைந்த சத்தம் என்றால் அந்த ரிவோல்வர் அந்த நாளுக்கு முடிந்துவிட்டது. கடைக் கதவை இழுத்து மூடுவது, பின்வாசலால் வெளியேறுவது, மேசையைக் கவிழ்த்து இடையில் போடுவது, 119க்கு அழைப்பது என்ற வழிகளே எஞ்சியிருக்கின்றன. திடலில் இப்படி நேர்ந்தால், 30 விநாடிகள் காத்து, உருளையைத் திறந்து எல்லாத் தோட்டாக்களையும் அகற்றி, பின்புறமிருந்து ஒளி தெரிகிறதா என்று குழலைப் பாருங்கள். ஒளி தெரியாவிட்டால் திருத்துநரிடம் கொடுங்கள். கம்பியும் சுத்தியலும் கொண்டு வீட்டில் அடித்து எடுக்க முயல வேண்டாம்.

விசை அசைய மறுத்தால்

இப்போது காதுக்கு வேலையில்லை, விரலே சொல்கிறது. விசை பாதியில் நின்றுவிட்டது அல்லது தொடக்கத்திலேயே இறுகியிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள்கூட இங்கே செய்யும் முதல் தவறு இன்னும் பலமாக இழுப்பது. அதற்கு மாறாக, விரலை முழுமையாக முன்னே விடுங்கள்.

இதற்கான காரணம் நம் விரலிலேயே இருக்கிறது. பதற்றத்தில் வேகமாகச் சுடும்போது விசையை முழுத் தூரம் முன்னே வரவிடாமல், பாதியிலேயே மறுபடி இழுத்துவிடுகிறோம். உள்ளேயுள்ள பற்கள் தம் இடத்துக்குத் திரும்பியிராததால், விசை பூட்டிக்கொள்ளும். சில ரிவோல்வர்களில் குதிரை எழாமலே உருளை மட்டும் ஓர் அறை நகர்ந்து, நல்ல தோட்டா ஒன்று சுடப்படாமல் தாண்டிப்போகும். விரலை விட்டு முழுமையாக மீண்டும் இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். என்னிடம் பயின்றவர்களில் ‘என் துவக்கு பழுது, ஐயா’ என்று வந்து நின்றவர்கள் பலருக்கு உண்மையில் இருந்த கோளாறு இதுதான்.

விரலை விட்டு இழுத்தும் அசையாவிட்டால், உருளையையோ குதிரையையோ ஏதோ ஒன்று தடுக்கிறது. இடது கைப் பெருவிரல் குதிரையின் பின்னால் அழுந்தியிருக்கலாம். சட்டையின் தொங்கலோ, மழைக்கோட்டின் மடிப்போ குதிரைக்கும் சட்டகத்துக்கும் இடையில் புகுந்திருக்கலாம். நெருங்கிய போராட்டத்தில் எதிராளியே உருளையைக் கையால் இறுகப் பற்றியிருக்கலாம். உருளை சுழல முடியாவிட்டால் விசையும் அசையாது என்பதால், பற்றிய கையிலிருந்து ஆயுதத்தைத் திருகி விடுவித்து, உடலோடு ஒட்டிப் பின்னே இழுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆயுதம் ஏந்திய கையை எதிராளியின் கைக்கு எட்டும் தூரத்தில் நீட்டி வைத்திருப்பது எவ்வளவு தவறு என்பது அப்போது புரியும். முன்கூட்டியே புரிந்துகொள்வது நல்லது.

தடை வெளியில் தெரியாவிட்டால், அது உள்ளே இருக்கிறது. தோட்டாவின் பிரைமர் முழுமையாக அமிழாமல் நீட்டிக்கொண்டிருந்தால் அது பின்புறச் சுவரில் உராய்ந்து உருளையை நிறுத்தும். நட்சத்திரத் தகட்டுக்குக் கீழே எரியாத மருந்துத் துகள்கள் சேர்ந்திருந்தாலும் அப்படியே. இலேசான, குட்டைக் குழல் ரிவோல்வர்களில், சுடும்போது எழும் உதைப்பால் மற்ற அறைகளிலுள்ள சன்னங்கள் கோதுகளிலிருந்து சிறிது சிறிதாக முன்னே நழுவி, உருளையின் முகப்பைத் தாண்டி நீண்டு, சட்டகத்தில் தட்டி நின்றுவிடும். இந்த மூன்றுக்கும் அவசர வேளையில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: விசையை இழுத்துக்கொண்டே, இடது கையால் உருளையை அது சுழலும் திசையில் பலமாகத் தள்ளிச் சுழற்ற முயலுங்கள். ஸ்மித் அன்ட் வெசன் ரிவோல்வரின் உருளை, பின்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகவும், கோல்ட் ரிவோல்வரின் உருளை வலஞ்சுழியாகவும் சுழலும். உங்களிடம் இருப்பது எது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கின் பக்கம் போகவே கூடாது, ஏனெனில் அந்த இடுக்கில் பீறிடும் சூடான வாயு தசையை வெட்டிவிடும்.

உருளை திறக்கவே மறுத்தால் தண்டின் மீது சந்தேகப்படுங்கள். அது திருகு மரையால் பொருத்தப்பட்டது; நாளடைவில் தளர்ந்து முன்னே நீண்டு, குழலுக்கு அடியில் அதன் நுனியைப் பிடிக்கும் முன்பூட்டில் இறுகிக்கொள்ளும். திடலில் இப்படி நேர்ந்தால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே பயிற்றுநரை அழையுங்கள். தண்டின் நுனியை விரல்களால் பிடித்து மெல்ல இறுக்கி, அது உள்ளே போன பின்னர் திறப்பது அவர் வேலை. 1960ஆம் ஆண்டை ஒட்டி ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் இந்த மரையை இடப்புரியாக மாற்றியது. அதற்கு முந்தியவை வலப்புரி. பழைய ஆயுதங்கள் கைமாறி வந்திருக்கும் நம் நாட்டில் இந்த வேறுபாடு தெரியாமல் இறுக்கப்போய் மேலும் தளர்த்திவிடுவோர் உண்டு.

உருளை மூட மறுத்தால்

ரிவோல்வரில் வரும் கோளாறுகளில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான், ஏனெனில் இது கருவியின் குறையால் அன்றி நம் கையின் அவசரத்தால் விளைகிறது, விளைந்தபின் கைப்போராட்டத்துக்கு நடுவில் தீர்க்க முடிவதில்லை. சுட்ட கோதுகளை வெளியே தள்ளும்போது ஆயுதத்தைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, தண்டை மெதுவாகவோ அரைகுறையாகவோ அழுத்தினால், ஒரு கோதின் விளிம்பு நட்சத்திரத் தகட்டிலிருந்து நழுவி அதன் கீழே போய்விடும். தகடு தன் இடத்தில் அமராது, அந்தக் கோது அறைக்குள்ளேயே நிற்கும், உருளையும் மூடாது. பார்ப்பதற்கு அற்பமான விடயம், ஆனால் ஆயுதம் அப்போது ஒரு இரும்புத் துண்டு மட்டுமே.

நேர்ந்துவிட்டால், குழலை வானத்தை நோக்கி நிமிர்த்துங்கள் (உருளை திறந்திருக்கும்போது குதிரை விழாது என்பதால் இது ஆபத்தில்லை). தண்டை முழுத் தூரமும் அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளுங்கள். தகடு எழுந்து நிற்க, அதன் கீழே சிக்கிய கோதை மற்றக் கையின் நகத்தாலோ, சிறு கத்தி நுனியாலோ பின்னே இழுத்து எடுங்கள். தண்டு குட்டையாக உள்ள இரண்டங்குலக் குழல் ரிவோல்வர்களில் தகடு முழு உயரமும் எழாது என்பதால், அங்கே இன்னும் பொறுமை வேண்டும். விரைந்து செய்தாலும் பல விநாடிகள் ஆகும் வேலை இது. ஆகவே தடுப்பதே வழி.

தடுக்கும் முறை இது. வலது கைக்காரர் என்றால், உருளையைத் திறந்தவுடன் ஆயுதத்தை இடது கைக்கு மாற்றி, இடது கை நடுவிரல்கள் இரண்டையும் சட்டகத்தின் ஊடே செலுத்தி உருளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழலைச் செங்குத்தாக மேலே நிமிர்த்துங்கள். வலது உள்ளங்கையால் தண்டின் தலையில் ஒரே அடியாக, முழுத் தூரமும், தயக்கமின்றி அடியுங்கள். கோதுகளும் எரியாத துகள்களும் தம் எடையாலேயே கீழே விழும். ஒரு முறை அடித்தால் போதும். இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டிப் பார்ப்பதில்தான் விளிம்பு நழுவுகிறது. பிறகு குழலைக் கீழே தாழ்த்தி, புதிய தோட்டாக்களை இட்டு, உருளையைக் கையால் மெல்ல மூடுங்கள். திரைப்படங்களில் மணிக்கட்டை உதறி மூடுவதைப்போல மூடினால், உருளையைத் தாங்கும் உலோகக் கரம் வளைந்து, அறைகள் குழலுக்கு நேர் நில்லாமல் போகும்.

பிரித்தானியர் காலத்து வெப்ளி, என்ஃபீல்ட் வகைகள் நடுவில் முறிந்து திறப்பவை. திறக்கும் அசைவே கோதுகளை வெளியே தள்ளும். அவற்றிலும் இதே விதிதான்: பாதி திறந்து நிறுத்தினால் கோதுகள் திரும்ப விழுந்து தகட்டின் கீழே சிக்கும், ஒரே வீச்சில் இறுதிவரை திறந்தால் சிக்காது.

கொழும்புக் காற்றும் தேங்காய் எண்ணெயும்

மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பகுதி சுடும் கணத்தில் பிறப்பதில்லை. அலமாரிக்குள்ளும் இடுப்பு உறைக்குள்ளும் மாதக்கணக்கில் பிறக்கிறது. வெள்ளவத்தையிலோ கொள்ளுப்பிட்டியிலோ கடல் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் ஜன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதை அறிவார்கள். அதே உப்புக் காற்றும், ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் ஈரப்பதமும், ரிவோல்வரின் உள்ளேயுள்ள விற்சுருளையும் அரிக்கின்றன. இடுப்பில் அணிபவருக்கு வியர்வையின் உப்பும் கூடுதல்.

தோட்டாக்களை தோல் உறையிலும் தோல் வாரின் வளையங்களிலும் மாதக்கணக்கில் விட்டுவைப்பது இங்கே பரவலாகக் காணப்படும் பழக்கம். பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் அமிலங்கள் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பேறிய தோட்டா அறைக்குள் முழுமையாகப் புகாது, புகுந்தால் சுட்டபின் வெளியே வராது. வளையத்தில் தோட்டாவைத் திருப்பிப் பாருங்கள். விரலில் பச்சை ஒட்டினால் அது பயிற்சித் திடலில்கூடப் பயன்படத் தகுதியற்றது.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் எதற்கும் கைக்கெட்டும் எண்ணெய் அது என்பதால், ரிவோல்வருக்கும் இடுவோர் உள்ளனர். அது சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிரூட்டிய நகைக்கடையிலோ வங்கியிலோ எட்டு மணிநேரக் கடமையில் நிற்பவரின் ஆயுதத்தில் அது மெழுகாக இறுகி, ஊசியின் அசைவை மந்தமாக்கி, பிரைமரில் இலேசான குத்து மட்டும் விழும்படி செய்துவிடும். நாட்படச் சிக்குப் பிடித்துத் தூசியையும் சேர்த்துக்கொள்ளும். துப்பாக்கிக்கென்று விற்கப்படும் மெல்லிய எண்ணெயை, அதிலும் துணியில் ஒரு துளி என்ற அளவில், இடுவதே சரி. அதிகமானால் அந்த எண்ணெயும் கெடுதலே: அறைகளில் தேங்கி, பிரைமரின் ஓரத்தால் உள்ளே ஊறி, தோட்டாவைச் செத்ததாக்கும். அறைகள் எண்ணெய் துடைக்கப்பட்டு உலர்ந்தே இருக்க வேண்டும்.

தோட்டாவின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. .38 என்று வாயால் சொல்லப்படுபவை இரண்டு. .38 ஸ்பெஷல் தோட்டாவின் கோது சுமார் 29 மில்லிமீற்றர் நீளம். பழைய வெப்ளி, என்ஃபீல்ட் ரிவோல்வர்களுக்குரிய .38 எஸ் அன்ட் டபிள்யூ (ஸ்மித் அன்ட் வெசன்) கோது சுமார் 20 மில்லிமீற்றர் நீளமும் சற்றே கூடுதல் தடிப்பும் கொண்டது. ஒன்றுக்குரிய ஆயுதத்தில் மற்றது சரியாகப் பொருந்தாது. ஆனால் பழைய ரிவோல்வர்கள் சிலவற்றின் அறைகளை .38 ஸ்பெஷல் புகும்படி கடைந்து விற்ற காலமும் உண்டு. அவற்றில் அந்தத் தோட்டா புகும், வெடிக்கும், கோது பிளந்து சிக்கவும் சிக்கும். தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் ஆயுதத்தின் குழலில் பொறித்திருப்பதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நிரப்புங்கள்.

நிரப்பும்போது இன்னொன்று: உருளையை மூடுவதற்கு முன் சுட்டுவிரலின் நுனியை ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் தடவிப் பாருங்கள். பிரைமர் விளிம்புக்குச் சமமாகவோ சற்று உள்ளாகவோ இருக்க வேண்டும். மேடாகத் தட்டுப்பட்டால் அதை ஒதுக்குங்கள். ஆறு தோட்டாக்களுக்கும் ஐந்து விநாடிகூட ஆகாது.

கைக்குப் பழக்குதல்

படித்து அறிந்தது ஆபத்தில் உதவாது. விரல் அறிந்ததே உதவும். அனுமதி பெற்ற திடலில், பயிற்றுநரின் கண்காணிப்பில், இன்னொருவர் உங்கள் ரிவோல்வரை நிரப்பித் தரட்டும்: நான்கு உண்மைத் தோட்டாக்கள், இடையிடையே இரண்டு போலித் தோட்டாக்கள் (மருந்தில்லாத, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்கள்), எந்த அறையில் எது என்று உங்களுக்குத் தெரியாதபடி. போலித் தோட்டாவில் ‘டிக்’ கேட்கும்போது ஆயுதம் தாழ்கிறதா, கண் குறிப்பலகையை விட்டு அகல்கிறதா, விரல் உடனே முன்னே வந்து மீண்டும் இழுக்கிறதா என்பதை அருகில் நிற்பவர் கவனிக்கட்டும். இந்தப் பயிற்சியில் மட்டும், ‘டிக்’ போலித் தோட்டாவின் ஓசை என்று கொண்டு தாமதமின்றி இழுக்கிறோம் என்பதால், நான்கு உண்மைத் தோட்டாக்களும் புதியனவாகவும் நம்பத்தக்கனவாகவும் இருக்க வேண்டும்; பழையவற்றையும் களிம்பேறியவற்றையும் இதற்குப் பயன்படுத்துவது பெருந்தவறு. வெடிக்கப்போகிறது என்று எண்ணிக் கை குழலைக் கீழே அழுத்தும் பழக்கமும் இதே பயிற்சியில் வெளிப்பட்டுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது கோதுகளை வெளியே தள்ளி மீண்டும் நிரப்பும் பயிற்சி. அதற்குப் போலித் தோட்டாக்கள் மட்டுமே. உண்மைத் தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்கக் கூடாது, உருளையை இரண்டு முறை கண்ணாலும் ஒரு முறை விரலாலும் பார்த்த பின்னரே தொடங்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். குழலை நிமிர்த்தி ஒரே அடியில் தள்ளும் அசைவு கைக்குப் பழகிவிட்டால், கோது சிக்கும் கோளாறு உங்கள் வாழ்வில் வராமலே போகக்கூடும்.

வெடிக்காத தோட்டாவைப் படித்தல்

திடலில் வெடிக்காமல் போன தோட்டாவைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். காத்திருந்து எடுத்த பின், அதன் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். பிரைமரில் ஆழமான, நடுவில் விழுந்த குழி இருந்தால், ஆயுதம் தன் வேலையைச் செய்திருக்கிறது, குறை தோட்டாவினுடையது. அந்தத் தொகுதித் தோட்டாக்களை நம்ப வேண்டாம். குழி ஆழமின்றி இலேசாகப் பட்டிருந்தால், முதன்மை விற்சுருள் தளர்ந்திருக்கிறது, அல்லது பிடியின் முன்பக்கத்தில் அவ்விற்சுருளை இறுக்கும் திருகு கழன்று வருகிறது, அல்லது ஊசியின் வழியில் எண்ணெய்ச் சிக்கு அடைத்திருக்கிறது. விசையை இலகுவாக்குவதற்காக யாரோ அந்தத் திருகைத் தளர்த்தியிருந்த ரிவோல்வர் ஒன்றை நானே கடமைக்கு ஏற்று, ஒரு மாதம் இடுப்பில் வைத்திருந்து, திடலில் ஆறில் மூன்று வெடிக்காதபோதுதான் அறிந்தேன்; அன்று முதல் கைக்கு வரும் எந்த ரிவோல்வரையும் அந்தத் திருகிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். குழி நடுவை விட்டு ஒரு பக்கமாக விழுந்திருந்தால், உருளை குழலுக்கு நேரே வந்து நிற்கவில்லை என்று பொருள். உருளைப் பற்களின் தேய்வு அதற்கு வழக்கமான காரணம், அந்த ஆயுதத்தைத் தொடர்ந்து சுடக் கூடாது. குழியே இல்லாவிட்டால் ஊசி முறிந்திருக்கலாம்.

தோட்டாவைச் சிறு உறையில் இட்டு, திகதியையும், அது எத்தனையாவது அறையில் இருந்தது என்பதையும் எழுதி, ரிவோல்வரோடு சேர்த்து அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொடுங்கள். ஒரே அறையில் மட்டும் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அவர் உருளையைப் பார்ப்பார். எல்லா அறைகளிலும் வருகிறது என்றால் விற்சுருளையும் ஊசியையும் பார்ப்பார். திருத்தி வந்த ரிவோல்வர் திடலில் 50 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்ட பின்னரே மீண்டும் கடமைக்குப் போக வேண்டும்.